சிவப்புச் சட்டையும் மூணாவது கீப்பரும்

திங்கக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ஆபீஸ் கால் ஒண்ணு இருக்கும். அமெரிக்காவுல அப்ப காலங்காத்தால. முதல் பத்து நிமிஷம் வேலையைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. சனிக்கிழமை நடந்த காலேஜ் ஃபுட்பால் மேட்ச் பத்தித்தான் பேச்சு. நம்ம ஃபுட்பால் இல்லைங்க, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்களே, அது. நான் மைக்கை மியூட்ல போட்டுட்டு, ஆர்.எஸ்.புரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில பஜ்ஜித் தட்டோட உட்கார்ந்து கேட்டுட்டு இருப்பேன். ஒண்ணும் புரியாது. புரிஞ்ச மாதிரி நடுவுல ஒரு சிரிப்பு சிரிக்கணும், அவ்வளவுதான் :-)

அந்த கும்பல்ல ஒருத்தர் இந்தியானா யுனிவர்சிட்டியில படிச்சவர். அவங்க டீம் 2023ல பன்னிரண்டு மேட்ச் ஆடி மூணே மூணுதான் ஜெயிச்சுது. அடுத்த வருஷமே, 2024ல, பதினொண்ணு ஜெயிச்சுட்டாங்க. மனுஷன் தலைகால் புரியாம பேசிட்டு இருந்தார். ஒரு நாள் மைக்கை ஆன் பண்ணி நானே கேட்டேன், "ஒரே வருஷத்துல எப்படி?" அவர் ரெண்டே வார்த்தை சொன்னார். "டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்."

அது என்னடான்னு அன்னிக்கு ராத்திரி படிக்க உட்கார்ந்தவன், ரெண்டு மணி வரைக்கும் எந்திரிக்கலை. படிச்சது பூரா அமெரிக்காவைப் பத்தி. ஆனா படிக்கப் படிக்க ஞாபகம் வந்தது எங்க காலேஜ் டீம்ல இருந்த மூணாவது கோல்கீப்பர். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு காபி போட்டுட்டு வந்துருங்க.

முதல்ல அமெரிக்கக் கதையை முடிச்சுடறேன்.

அங்க காலேஜ்ல சேர்ந்த பிளேயருக்கு அஞ்சு வருஷம் டைம். அதுக்குள்ள நாலு சீசன் ஆடலாம். அப்ப ஒரு வருஷம் மிச்சம் இருக்குல்ல? அந்த வருஷம் பையன் கிளாசுக்குப் போவான், டீமோட பிராக்டிஸ் பண்ணுவான், உடம்பை ஏத்துவான். மேட்ச் மட்டும் ஆட மாட்டான். அந்த வருஷம் சீசன் கணக்குல சேராது. இதுக்குப் பேர்தான் 'ரெட்ஷர்ட்'. 1937ல நெப்ராஸ்கா யுனிவர்சிட்டியில ஒருத்தர் இப்படி ஒரு வருஷம் ஒதுங்கி, சிவப்புச் சட்டையில பிராக்டிஸ் மட்டும் பண்ணினாராம். அதுல இருந்து வந்த பேர்னு சொல்றாங்க.

முன்னாடியெல்லாம் அடிபடாம நல்லா இருக்கிற பையன் ஒரே ஒரு மேட்ச்ல இறங்கினாக்கூட ஒரு சீசன் காலி. 2018ல என்.சி.ஏ.ஏ. (அங்க காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற அமைப்பு) அதை மாத்துச்சு. நாலு மேட்ச் வரைக்கும் ஆடலாம், ஆனாலும் அது ரெட்ஷர்ட் வருஷம்தான். நியாயமான ரூல். பையனுக்கு மைதானம் பழகும், கோச்சுக்கும் ஆள் யாருன்னு தெரியும்.

அதே 2018 அக்டோபர்லதான் அந்த போர்ட்டல் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வேற காலேஜுக்குப் போகணும்னா பழைய காலேஜ் கோச்கிட்ட அனுமதி கேட்கணும். அவர் முடியாதுன்னா, புது காலேஜ்காரங்க பையன்கிட்ட பேசவே கூடாது. போர்ட்டல் வந்தப்புறம் அனுமதி தேவையில்லை. பேரைப் பதிஞ்சா போதும். ஆனாலும் போற இடத்துல ஒரு வருஷம் ஆடாம உட்காரணும்னு ஒரு தடை இருந்துச்சு. 2021ல ஒரு தடவை மட்டும் உட்காராம ஆடலாம்னாங்க. 2023 டிசம்பர்ல மேற்கு வர்ஜீனியா கோர்ட்ல கேஸ் போய், அந்தத் தடைக்கே தடை. 2024 ஏப்ரல்ல, படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் மாறிக்கலாம்னு ஆயிடுச்சு. நடுவுல 2021 ஜூலைல இருந்து பிளேயர் தன் பேரையும் படத்தையும் வச்சு விளம்பரத்துல காசு பார்க்கலாம்னு விட்டாங்க. 2025ல யுனிவர்சிட்டியே நேரடியா சம்பளம் மாதிரி கொடுக்கலாம்னு ஆச்சு. முதல் வருஷ உச்சவரம்பு, ஒரு யுனிவர்சிட்டிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து, சுமார் 2.05 கோடி டாலர்!

விளைவு என்னன்னா, நம்ம கால்ல வர்ற இந்தியானாக்காரர் சந்தோஷமா இருக்கார். 2023 கடைசியில அவங்க டீமுக்கு கர்ட் சிக்னெட்டின்னு புது கோச் வந்தார். அவர் முன்னாடி இருந்த ஜேம்ஸ் மேடிசன் யுனிவர்சிட்டியில இருந்து 13 பிளேயருங்க பின்னாடியே வந்துட்டாங்க. 2025ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில இருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார். அந்த வருஷம் ஹைஸ்மன் டிராஃபி அவருக்குத்தான். காலேஜ் ஃபுட்பால்ல அதுதான் பெரிய தனிநபர் விருது. காலங்காலமா தோத்துட்டே இருந்த டீம், அந்த சீசன்ல லீக் மேட்ச் ஒண்ணுகூடத் தோக்கலை.

சரி, 13 பேரை ஒரே மூச்சுல இழந்த ஜேம்ஸ் மேடிசன் ஆளுங்க திங்கக்கிழமை கால்ல என்ன பேசியிருப்பாங்க? அதை யாரும் கேட்கிறதில்லை.

2024 செப்டம்பர்ல இன்னொரு கூத்து. லாஸ் வேகாஸ் யுனிவர்சிட்டி டீம் மூணு மேட்ச் ஆடி மூணும் ஜெயிச்சிருக்கு. அவங்க மெயின் பிளேயர் மேத்யூ ஸ்லூகா 'எனக்குச் சொன்னபடி நடக்கலை, இந்த வருஷத்தை ரெட்ஷர்ட்டா வச்சுக்கறேன்'னு கிளம்பிட்டார். அப்படி ஒண்ணும் பேசலையேன்னு யுனிவர்சிட்டி சொல்லுச்சு. யார் சொல்றது நிஜமோ, எனக்கு சுவாரசியமா பட்டது வேற. சின்னப் பசங்க மைதானம் பழகறதுக்குன்னு போட்ட நாலு மேட்ச் ரூல், சீசன் நடுவுல வெளியே போற கதவா மாறிடுச்சு. ரூல் எழுதினவங்க இதை யோசிச்சிருப்பாங்களா? கோட் எழுதறவனுக்கு இது தெரியும். நீங்க எதுக்காக ஒரு ஃபங்ஷன் எழுதினீங்கங்கறது முக்கியமில்லை. அதை வச்சு என்ன பண்ண முடியுமோ, அதை எவனாவது பண்ணியே தீருவான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடறது ஏ.ஐ.யு., அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925ல ஆரம்பிச்சது. யுனிவர்சிட்டி டீம்ல ஆட அவங்க வச்சிருக்கிற கணக்கு எனக்கு மனப்பாடம். ஏன்னா எங்க டீம்ல நான் லெஃப்ட் பேக், பாதி நேரம் சப்ஸ்டிட்யூட், ஆனா முழு நேர கிளார்க். டைப்பிங் நல்லா வரும்கறதால எங்க பி.டி. சார் எலிஜிபிலிட்டி ஃபார்ம் எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டார். யாருக்குப் பிறந்த தேதி என்ன, யார் எந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சாங்க, யாருக்கு எத்தனை அரியர், எல்லாம் என் லேப்டாப்ல.

கணக்கு இதுதான். வயசு 17க்கு மேல 25க்குள்ள. பிளஸ் டூ முடிச்சு எட்டு வருஷத்துக்குள்ள. அந்த எட்டுக்குள்ள டிகிரி படிக்கறப்ப அதிகபட்சம் அஞ்சு வருஷம், பி.ஜி. படிக்கறப்ப மூணு வருஷம் ஆடலாம். முழு நேர வேலைக்குப் போறவங்க ஆடக் கூடாது. ஒரே கல்வியாண்டுல ரெண்டு யுனிவர்சிட்டிக்கு ஆடக் கூடாது. வேற யுனிவர்சிட்டியில இருந்து மாறி வந்தா, தற்காலிக அட்மிஷனை வச்சு இறங்க முடியாது. அட்மிஷன் முறைப்படி முடியணும்.

ரெட்ஷர்ட்னு ஒண்ணு நம்மகிட்ட கிடையாது. நீங்க ஆடினாலும் பெஞ்சைத் தேய்ச்சாலும் அந்த எட்டு வருஷக் கடிகாரம் ஓடிட்டேதான் இருக்கும். அதனாலதான் நல்ல பிளேயருங்க டிகிரி முடிச்சதும் எம்.ஏ.வோ எம்.எஸ்.டபிள்யூ.வோ எங்கயாவது சேர்ந்துடுவாங்க. படிக்கற ஆசையில இல்லைங்க. இன்னும் ரெண்டு வருஷம் சவுத் சோன் ஆடலாம், சர்டிபிகேட் சேரும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேயோ போலீஸோ கிடைக்கும். இந்தக் கணக்கு தெரியாதவங்க "பையன் எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கிறான், ஆனா எப்பவும் கிரவுண்ட்லயே கெடக்கறான்"னு திட்டுவாங்க.

மேலோட்டமா பார்த்தா நம்ம ரூல்ல தப்பு ஒண்ணும் இல்லை. மாறிப் போக வழி இருக்கு. ஆனா ஏ.ஐ.யு. ஃபார்ம் வரைக்கும் போறதுக்கு முன்னாடி ஒரு கதவு இருக்கு. அந்தக் கதவுக்கு எந்த ரூல் புக்குலயும் பேர் இல்லை. காலேஜ் ஆபீஸ் பீரோ. அதுக்குள்ளதான் உங்க ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் இருக்கும்.

கீப்பர் கதைக்கு வரேன். பேர் வேண்டாம், கீப்பர்னே வச்சுக்குவோம். போத்தனூர்ப் பையன். அப்பா கணபதியில ஒரு லேத் பட்டறையில வேலை. ஸ்கூல் மேட்ச்கள்ல நல்ல பேர் வாங்கினவன். பொறியியல் கவுன்சிலிங்ல விளையாட்டு வீரர்களுக்குன்னு 500 சீட் இருக்கு, ஆனா அதுக்கு மாநில, தேசிய அளவு சர்டிபிகேட் வேணும். இவன்கிட்ட அவ்வளவு இல்லை. எங்க காலேஜ் மேனேஜ்மென்ட் சீட்ல ஃபீஸ் தள்ளுபடி பண்ணி எடுத்துச்சு. படிப்பு, ஹாஸ்டல், மெஸ் எல்லாம் ஃப்ரீ. 2015ல நானும் அவனும் ஒரே நாள்ல அட்மிஷன் வரிசையில நின்னோம். அவங்க அப்பா ஒரிஜினல் எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில இருந்து எடுத்துக் கொடுத்துட்டு, "பத்திரமா வச்சுக்கங்க சார்"னு சொன்னது ஞாபகம் இருக்கு. பத்திரமாத்தான் வச்சுக்கிட்டாங்க.

முதல் ரெண்டு வருஷம் அவனுக்கு மேல ரெண்டு சீனியர் கீப்பருங்க. இவன் மூணாவது. மூணாவது கீப்பர்னா என்னன்னு ஃபுட்பால் ஆடினவங்களுக்குத் தெரியும். வார்ம்-அப்ல எல்லாரும் அடிக்கற ஷாட்டைத் தடுக்கணும், அப்புறம் ஜிப்பை இழுத்து விட்டுட்டு உட்கார்ந்துக்கணும். காலைல ஆறு மணிக்கு முதல்ல கிரவுண்டுக்கு வர்றதும் அவன்தான். கோல் போஸ்ட் வலையைக் கட்டறதும் அவன்தான்.

2017 மே மாசம். பக்கத்துல இருந்த இன்னொரு காலேஜ்ல கீப்பர் இல்லை. "வந்துரு, நீதான் ஃபர்ஸ்ட் கீப்பர், அதே சலுகை தர்றோம்"னு கூப்பிட்டாங்க. அவன் என்கிட்ட வந்து சொன்னான். "டேய், பி.டி. சார் நீ சொன்னா கேப்பாரு. கூட வாடா, ஒரு வார்த்தை பேசு."

இங்கதான் நான் இந்தப் பதிவை மூணு வாரமா எழுதி எழுதி அழிச்சுட்டு இருந்தேன். எழுதிடறேன்.

நான் சொன்னது இது: "எதுக்குடா போற? அடுத்த வருஷம் சீனியர்ஸ் ரெண்டு பேரும் பாஸ் அவுட். நீதான் ஃபர்ஸ்ட்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, கடைசி வாக்கியத்தைத் தவிர. ஏன்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் வாளையார் தாண்டி வந்த பசங்களுக்கு டிரையல் நடந்து முடிஞ்சிருந்துச்சு. பாலக்காட்டுல இருந்து வந்த ஒரு கீப்பரை சார் எடுத்துட்டார். பேரு லிஸ்ட்ல ஏறிடுச்சு. லிஸ்ட் டைப் பண்ணினது நான்.

ஏன் சொல்லலை? டீமுக்காகன்னு அப்ப நினைச்சேன். இவன் போயிட்டா ஒரே ஒரு கீப்பர்தான் மிஞ்சுவான், அவனுக்கு விரல் உடைஞ்சா சோனல் மேட்ச்ல யாரை நிறுத்தறது? தப்பான கணக்கும் இல்லை அது. எந்த கோச்சும் இதே கணக்கைத்தான் போடுவார். ஆனா அந்தக் கணக்குல அவன் ஒரு ஆளா இல்லை, ஒரு ஸ்டெப்னி.

கடைசியில அவன் தனியாத்தான் ஆபீசுக்குப் போனான். "தாராளமா போப்பா. ரெண்டு வருஷத் தள்ளுபடியைத் திருப்பிக் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போ"ன்னுட்டாங்க. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம். அட்மிஷன் அன்னிக்கு இப்படி ஒரு நிபந்தனை இருக்குன்னு யாரும் வாயால சொல்லலை. கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருந்துச்சாம். லேத் பட்டறை வருமானத்துல அது எத்தனை மாசச் சம்பளம்னு நீங்களே போட்டுக்கங்க. அவங்க அப்பா ஒரு நாள் லீவு போட்டு வந்து ஆபீஸ் வாசல்ல நின்னார். "ஏனுங் சார், பையன் ஆடறதுக்குத்தானுங்க கேக்கறான்"னார். அவ்வளவுதான் அவருக்குப் பேச வந்துச்சு.

கீப்பர் போகலை. பாலக்காட்டுப் பையன் நிஜமாவே பிரமாதமா ஆடினான், அவன் மேல குறை சொல்ல முடியாது. நாலு வருஷத்துல எங்க ஆள் காலேஜுக்காக ஆடினது மொத்தம் 12 நிமிஷம். ஆறு கோல் லீட்ல இருந்த ஒரு மேட்ச்ல கடைசியில இறக்கி விட்டாங்க. ஒரு பேக் பாஸ், ஒரு கோல் கிக். ஒரு ஷாட்கூட வரலை.

2018 அக்டோபர்ல யு.ஜி.சி. ஒரு அறிவிப்பு போட்டுச்சு. எந்தக் கல்வி நிறுவனமும் மாணவர்களோட ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கக் கூடாது, சரிபார்த்துட்டு உடனே திருப்பிக் கொடுத்துடணும், நடுவுல விலகினா ஃபீஸ் எப்படித் திருப்பணும்னு விவரமா. நாங்க அப்ப நாலாவது வருஷம். மெஸ்ல உட்கார்ந்து போன்ல அதைப் படிச்சுட்டு அவன் தோசையைப் பிச்சுக்கிட்டே சொன்னான், "ஒன்றரை வருஷம் லேட்டு மாப்ள." நான் சாம்பாரையே பார்த்துட்டு இருந்தேன்.

அதே மாசம்தான் அமெரிக்காவுல போர்ட்டல் திறந்தாங்கன்னு இப்பப் படிக்கறப்ப எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

அந்த வருஷக் கடைசியில ஒரு நல்ல நாளும் இருக்கு. 2019 மார்ச் 9. நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி.ன்னு பேர்தான் சென்னை, ஆடினது பூரா நம்ம கோயமுத்தூர்ல. ஐ-லீக் கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாப் கூட. ஜெயிச்சா கப் நமக்கு. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. ஸ்டேடியமே செத்துப் போச்சு. ரெண்டாவது பாதியில பெட்ரோ மான்சி பெனால்டி, அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்ல முந்தி சாம்பியன். கீப்பர் என் கழுத்தைக் கட்டிட்டுக் கத்தினான். தொண்டை மூணு நாள் வரலை.

அந்த டீம் என்னாச்சுன்னும் சொல்லணும். அதே வருஷம் எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2020 ஜனவரியில மான்சி ஜப்பானுக்கு, அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்கு. ஒவ்வொருத்தரா கிளம்பி, 2020-21க்கு அப்புறம் அந்த கிளப் ஐ-லீக்லயே இல்லை. அதுக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா ஒரு நல்ல டீம் கலையறதைப் பக்கத்துல இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அதனால டீம் பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்ல வரலை.

டீம் பக்கத்து நியாயம் என்னன்னா, சின்ன காலேஜ் ஒண்ணு பையனைத் தேடிப் பிடிச்சு, ரெண்டு வருஷம் சோறு போட்டு, முழங்காலுக்கு பிசியோதெரபி பார்த்து ஆளாக்குது. பெரிய காலேஜ் வந்து நோகாம கூட்டிட்டுப் போகுது. அப்புறம் எவன் சின்னப் பசங்களைத் தேடுவான்? அமெரிக்காவுல இப்ப இதே புலம்பல்தான். பிளஸ் டூ முடிச்ச பையனை எடுத்து வளர்க்கறதை விட, வேற எங்கயோ ரெண்டு வருஷம் ஆடிப் பழகினவனை எடுத்தா கோச்சுக்கு வேலை மிச்சம். அதுல அடிபடறது யாருன்னா, இப்பத்தான் ஸ்கூல் முடிச்ச பையன். அவனுக்கு இடமே கிடைக்கறதில்லை. கதவை முழுசா மூடினா எங்க கீப்பர் மாட்டினான். முழுசா திறந்தா இன்னொரு கீப்பர் வெளியவே நிக்கறான்.

தொழில்முறை ஃபுட்பால்ல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. ஃபிஃபா ரூல்படி, 12 வயசுல இருந்து 21 வயசு வரைக்கும் ஒரு பையனுக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு, பின்னாடி அவனை எடுக்கற கிளப் ஒரு ஈட்டுத்தொகை கட்டணும். கவனிங்க, கட்ட வேண்டியது கூப்பிடற கிளப். பையனோட அப்பா இல்லை. எங்க காலேஜ் அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை அந்த இன்னொரு காலேஜ்கிட்ட கேட்டிருந்தா நான் இவ்வளவு பெருசா எழுதியிருக்க மாட்டேன். இல்லைன்னா ஒரு தடவை மாறினா இலவசம், அடுத்த தடவை மாறினா ஒரு வருஷம் உட்காருன்னு வைக்கலாம். அமெரிக்காவுல 2021ல வச்சிருந்தது கிட்டத்தட்ட அதுதான். என்னைக் கேட்டா, அவங்க அங்கயே நின்னிருக்கலாம்.

ஆனா ரெண்டு பக்கத்தையும் தராசுல வச்சா எனக்கு முள் ஒரு பக்கம்தான் சாயுது. டீமுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு எப்பவும் இருக்கு. 13 பேரைப் பறிகொடுத்த ஜேம்ஸ் மேடிசன்கூட அடுத்த சீசன் மைதானத்துல இறங்கத்தான் செஞ்சுது. எங்க காலேஜ் டீம் இன்னைக்கும் சோனல் ஆடிட்டு இருக்கு. பிளேயருக்கு அந்த எட்டு வருஷம், 25 வயசு, அவ்வளவுதான். போனா வராது.

போன மே மாசம் கீப்பர் கூப்பிட்டான். வார நாள்ல ஒரு பம்ப் கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கான். சனி, ஞாயிறு காலைல வடவள்ளி பக்கம் ஒரு டர்ஃப்ல சின்னப் பசங்களுக்குக் கோச்சிங். அவன்கிட்ட வர்ற பையன் ஒருத்தன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். கீப்பர்தான் அவனும். ஏதோ ஒரு காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கூப்பிட்டிருக்கு. "நாலு பக்கம் ஃபார்ம் கொடுத்திருக்காங்க. நீதான் ஃபார்ம் எல்லாம் கரெக்டா படிப்பியே, வாடா"ன்னான்.

டி.பி. ரோட்டுல ஒரு ஹோட்டல்ல உட்கார்ந்தோம். பையனும் அவங்க அப்பாவும் இன்னும் வந்து சேரலை. காபி வந்துச்சு. ஏழெட்டு வருஷமா தொண்டையில இருந்ததை எப்படியோ சொல்லிட்டேன். அந்தப் பாலக்காட்டுப் பையன் பேரு லிஸ்ட்ல இருந்தது எனக்கு அப்பவே தெரியும்டான்னு.

அவன் டபராவுல காபியை ஆத்திக்கிட்டே இருந்தான். "எனக்கும் தெரியும்டா. உன் லேப்டாப் திறந்துதானே கெடந்துச்சு."

"அப்புறம் ஏன்டா என்கிட்ட வந்து கேட்ட?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன்."

கோவமா சொல்லலை. வலை கட்டறப்ப பேசற மாதிரி சாதாரணமாச் சொன்னான். எனக்குத்தான் காபி இறங்கலை.

அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. அந்த அப்பா திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில டைலர். "மாஸ்டர் சொன்னாருங், நீங்க பெரிய கம்பெனியில இருக்கீங்கன்னு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி"ன்னு ஃபார்மை நீட்டினார். கையில ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர், உள்ள ஒரிஜினல் எல்லாம்.

நான் நாலு பக்கத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். அவங்களுக்குச் சொன்னதையே இங்கயும் போடறேன். உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேரப் போற பசங்க இருந்தா காட்டுங்க.

தள்ளுபடி எத்தனை வருஷத்துக்குன்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க. 'ஆட்டத்திறனைப் பொறுத்து'ன்னு ஒரு வரி இருந்தா, அதை யார் முடிவு பண்றதுன்னு கேளுங்க. முழங்கால் போயிட்டா தள்ளுபடி தொடருமான்னு கேளுங்க. நடுவுல விலகினா எவ்வளவு கட்டணும்னு தொகையா எழுதச் சொல்லுங்க. இந்த வருஷம் உங்க பொசிஷனுக்கு வேற யாரை எடுக்கறாங்கன்னும் கேளுங்க. கேட்கறதுல தப்பே இல்லை. லிஸ்ட் எவனோ ஒருத்தன் லேப்டாப்ல கண்டிப்பா இருக்கும். ஒரிஜினலைக் காட்டுங்க, சரிபார்த்ததும் கையோட வாங்கிட்டு வாங்க. கொடுக்க மாட்டேன்னா 2018 யு.ஜி.சி. அறிவிப்பைச் சொல்லுங்க.

பையன் எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டுட்டு கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "முதல் வருஷமே ஆட விடுவாங்களாண்ணா?"

நான் கீப்பரைப் பார்த்தேன். அவன் ஃபோல்டரை எடுத்துத் திறந்து, மார்க் ஷீட்டை ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்துட்டு மூடினான்.

"அதெல்லாம் அப்புறம். எந்திரி. எதிர்த்தாப்புல கடை இருக்கு, முதல்ல இதையெல்லாம் மூணு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரலாம்."